சென்சாருக்கு வைத்த சந்தனப் பொட்டு

இன்று தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. காலையிலிருந்து பழத்தைக் கொண்டுபோகும் கன்வேயர் ஓடவில்லை என்று அழைத்தார்கள். ஈப்போவிலிருந்து காரை விரட்டிக்கொண்டு போனேன்.

கண்ட்ரோல் பேனலில் லேப்டாப்பை மாட்டினால், வழியில் பழம் அடைத்திருக்கிறது என்றது. எட்டிப் பார்த்தேன். ஒரு பழம்கூட இல்லை.

புரோகிராமை வரிவரியாக மேய்ந்தேன். வயரை மாற்றினேன். மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு விட்டார்.

கடைசியில் ஏணி போட்டு ஏறினேன். பழம் வருகிறதா என்று பார்க்கும் சென்சாரின் கண்ணாடி முழுக்கச் சந்தனம். நடுவில் குங்குமம்.

கீழே நின்ற ஆபரேட்டரிடம் கேட்டேன். "முனியாண்டி அண்ணே, நேத்து ஆயுத பூசைக்கு இதுக்கும் பொட்டு வெச்சீங்களா?"

"எல்லா மெஷினுக்கும் வெச்சேன் தம்பி. இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

"இது கண்ணுண்ணே. கண்ணுல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

"மூஞ்சியே அவ்ளோதான்லா இருக்கு. நெத்தியை நான் எங்க போயி தேடுறது?"

நியாயம்தான். துடைத்தேன், ஓடியது. அண்ணன் உடனே ஏறி, சென்சாரின் முதுகில் புதுப் பொட்டு வைத்துவிட்டார்.

இப்போது பழுதுக்கான காரணத்தை ஆங்கிலத்தில் எழுதி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பக்தி முற்றிப்போய் மெஷின் நின்றதை இஞ்சினியர் பாஷையில் எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். மேனேஜர் காத்திருக்கிறார்.