கையெழுத்துப் போடாத கூட்டம்

சாலையை எப்படிக் கடப்பது என்று மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு துறை வருகிறது என்றால், அதை அந்தத் துறை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது என்று பொருள். சித்தூர் கலெக்டர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு புரட்டியவன் நான். எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புத்தூரிலிருந்து நகரிக்குப் போகும் வழியில் நான்குவழிச் சாலை எங்கள் ஊரை அறுத்துக்கொண்டு போகிறது. வீடுகள் இந்தப் பக்கம். பள்ளிக்கூடமும் பால் மையமும் அந்தப் பக்கம். நடுவிலுள்ள டிவைடரில் ஒரு லாரி அகலத்துக்கு இடைவெளி இருந்தது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் அதன் வழியாகத்தான் கடந்தோம். எங்கள் தெருவில் இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண், தினமும் காலையில் பால் வண்டி கிளம்புவதற்குள் கேனைச் சைக்கிளில் கட்டி அந்தப் பக்கம் சேர்த்தாக வேண்டும். தவறினால் அன்றைய பாலை வாங்க ஆளில்லை.

கருத்துக் கேட்கும் கூட்டம் ஊர்ச் சச்சிவாலயத்தில், அதாவது கிராமச் செயலகத்தில் நடந்தது. நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் சுவரில் வரைபடம் மாட்டினார். தலைப்பு: பாதசாரிகள், சைக்கிளில் செல்வோர் கடக்கும் வசதி மேம்பாடு. தலைப்புக்குக் கீழே, எங்கள் இடைவெளியைச் சிவப்புக் கோடு போட்டு மூடியிருந்தார்கள். இனி இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி வர வேண்டுமாம். யாரும் கடக்காத இடத்தில் யாரும் அடிபட முடியாது. பாராட்ட வேண்டிய சிந்தனைதான்.

வாசலில் வருகைப் பதிவேடு. பக்கத்தில் மிக்சர் பொட்டலமும் டீயும். அந்தப் பதிவேட்டை எனக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் கலைந்த பிறகு, பக்கத்தின் மேலே காலியாக விட்ட இடத்தில் ‘கீழே கையெழுத்திட்டோர் ஒருமனதாக ஏற்றனர்’ என்று என் கையாலேயே பலமுறை எழுதியிருக்கிறேன்.

“யாரும் சந்தகம் போடாதீங்க!” என்று, கையெழுத்துப் போடப் போனவர்களை வாசலில் மறித்தேன்.

“பேர் எழுதினாத்தான் பொட்டலமாம் சார்” என்றாள் பால்காரப் பெண்.

“மிக்சர் துன்னணுமா, ரோட்டைத் தாண்டணுமா?”

“துன்னுகினே தாண்டறோம் சார்” என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரித்தார்கள். ஆனாலும் என் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்து, ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

ஒரு மணி நேரம் பேசினோம். அந்தப் பெண் வரைபடத்தில் விரலை வைத்தாள்: “இந்த சந்த மூடிட்டா நான் பால எடுத்துகினு பறக்கணுமா? ஒரு ஸ்பீடு பிரேக்கர், ஒரு மினுக்கு லைட்டு, நாலு வெள்ளக் கோடு. வேற இன்னா கேக்கறோம்?”

பொறியாளர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேனா மூடியையும் திறக்கவில்லை. கிளம்பும்போது காலிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினார். “நல்லா பேசினீங்க, பெத்தாயனா” என்று தெலுங்கு மரியாதையோடு என்னிடம் விடைபெற்றார். பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் இடைவெளியைக் கான்கிரீட் கட்டைகளால் அடைத்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கினேன். இரண்டே வரி: பொதுமக்கள் எவரும் வரவில்லை, ஆட்சேபம் ஏதும் இல்லை. ஆதாரமாக அந்தக் காலிப் பக்கத்தின் நகல், முத்திரையோடு.

எங்கள் காலத்தில் சம்மதத்தைத் தயாரிக்கவாவது பாடுபட்டோம். அந்தக் காலியிடத்தில் எங்கள் ஆட்சேபத்தை நானே எழுதி, அதன் கீழே எல்லாரையும் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தாவுக்கும் இது தோன்றியிருக்கும்.

குறிப்பை அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன்.

“அப்போ அங்க ஒரு மணி நேரம் பேசிகினு இருந்தது இன்னா, பேயா?”

“மேல்முறையீடு போட்டிருக்கிறேன். இந்த முறை எல்லார் கையெழுத்தோடும்.”

“நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா மிக்சராவது துன்னிருப்பேன் சார்.”

மேல்முறையீட்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை. அவள் இப்போது கேனை அவிழ்த்து டிவைடருக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, பிறகு சைக்கிளைத் தூக்குகிறாள். முதல் நாள் வேடிக்கை பார்த்து நின்ற என்னிடம், “சும்மா நிக்காம பின்சக்கரத்தப் புடி சார்” என்றாள். பிடித்தேன். உரசுவதுபோல் வந்த லாரிக்காரன் தலையை நீட்டி எங்கள் இருவரையும் திட்டினான். இந்தத் தடுப்பை வைத்தது யார் என்று அவனுக்கு விளக்க வாய் திறந்தேன்.

“அவன் போவட்டும், தூக்கு சார்” என்றாள்.

தினமும் காலையில் தூக்குகிறேன்.