சனிக்கிழமைத் தேர்வு

எங்கள் குப்பத்தில் யார் எந்த நாளில் ஏரியில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். முறைக்கு வராமலே இருப்பவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

கம்பெனி வேலையோடு, பொன்னேரியில் மாலை வகுப்பில் இரண்டாவது இன்ஜினீயரிங் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமா வாராவாரம், "காலேஜ் இன்னிக்கா, நாளைக்கா மச்சான்?" என்று கேட்பார். பட்டியல் எழுதுபவரிடம் போய்க் குசுகுசுப்பார். என் முறையைப் பறிக்கக் குறி வைக்கிறார் என்றே நம்பினேன். அதனால் வியாழக்கிழமைத் தேர்வை, என் முறை வரும் சனிக்கிழமை என்று சொல்லிவைத்தேன்; நான் வரமாட்டேன் என்று அவர் சொல்லும் அன்றே ஏரியில் வந்து நின்று காட்டலாம் என்று.

வியாழக்கிழமை காலையில் பட்டியலைப் பார்த்தால், அன்றைய பாடு என் பெயரில் இருந்தது.

"என் முறை சனிக்கிழமைதானே? யார் மாத்தினது?" என்று மாமாவிடம் பாய்ந்தேன்.

"நான்தான். சனிக்கிழமை பரீட்சைனு சொன்னியே? உன் சனிக்கிழமை முறைய நான் எடுத்துக்கினு, என் வியாழக்கிழமை முறைய உனக்குக் குடுத்தேன். ரெண்டு வருசமா இப்டித்தான மாத்தினு வரேன்?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே அவர் ஏரிக்குப் போயிருப்பார். பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அன்று காலைத் தேர்வை விட்டுவிட்டு வலையைத் தூக்கினேன்.

சனிக்கிழமை, இல்லாத தேர்வுக்குப் பேனாவோடு கிளம்பினேன். படகைத் தள்ளிக்கொண்டிருந்த மாமா திரும்பிப் பார்த்து, "நல்லா எழுது மச்சான்" என்றார்.