லைப்ரரி அக்கா விட்டுவைத்த வரி

அந்த நீர் ஆராய்ச்சி நிலையத்தில் நூலகம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களில் யாராவது ஒருவர், ஆண்டுக்கு ஒரு தடவையாவது, இரண்டாம் மாடியின் கடைசி அறைக் கதவைத் தட்டி, "புத்தகம் எடுக்க என்ன பண்ணணும் அக்கா?" என்று கேட்டுவிடுவார். உள்ளே இருப்பவளை எல்லாரும் லைப்ரரி அக்கா என்று கூப்பிட்டதால் வந்த வினை.

அவளுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. நிலையத்தில் வெள்ளக் கணக்குக்கென்று ஒரு கணினி நிரல் இருந்தது. அணையில் இத்தனை மதகு திறந்தால் எந்தத் தெருவரை தண்ணீர் வரும் என்று சொல்லும். எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் எழுதியது என்னவோ ஆயிரத்துச் சொச்சம் வரிதான். முதுகொடிகிற வேலையை எல்லாம் வேறு யாரோ எழுதிவைத்த இரண்டு துணை நிரல் தொகுப்புகள் செய்தன. கணினிக்காரர்கள் அவற்றை லைப்ரரி என்பார்கள். ஒன்று சமன்பாடுகளைத் தீர்க்கும். இன்னொன்று வரைபடக் கோப்புகளைப் படிக்கும். அவற்றை அப்படியே எடுத்து வைத்தால் ஓடாது. ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து அந்தக் கணினிக்குப் புரிகிற எந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். கம்பைல் செய்வது என்பார்கள். செய்யாவிட்டால் 'லைப்ரரி இல்லை' என்று திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நிற்கும். உடனே அவளுடைய போன் அடிக்கும். பென் டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

கம்பைல் ஆக நாற்பது நிமிடம் பிடிக்கும். கணினி வேலையாக இருக்கும்போது அதன் முன்னால் இருப்பவருக்கு வேறு வேலை ஓடாது, பேச்சுதான் ஓடும். வரைபடப் பிரிவுக்காரரின் மகள் கணக்கில் முட்டை வாங்கியது, அணைப் பாதுகாப்பு அறையில் இரண்டு பேர் ஆறு மாதமாக முகம் பார்க்காமல் ஒரே மேசையில் வேலை செய்வது, யாருடைய அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளிடம் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றேவிட்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான், அதுவும் கார் ஓட்டிக்கொண்டே. "வந்து சேர்ந்துட்டேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்பதோடு முடியும். அவள் வீட்டில் நாற்காலி இரண்டு. ஒன்றில் மடிக்காத துணி கிடக்கும்.

அந்த ஆண்டு புதிய இயக்குநர் வந்தார். அவளை அழைத்து உட்காரச் சொன்னார்.

"ஒரு நிரலைப் போட்டுக்க உங்களைக் கூப்பிடணும்னா, நீங்க லீவுல போனா என்ன பண்றது?"

"நான் லீவே போடறதில்ல சார்."

"அதுதாங்க பிரச்சினையே" என்றார் அவர். நிரல், லைப்ரரிகள் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டிக் கொடுங்கள், யாரும் இறக்கி ஒரு கட்டளை அடித்தால் வேலை முடிய வேண்டும் என்றார். கேட்டதில் தப்பே இல்லை. எப்போதோ செய்திருக்க வேண்டியது என்று அவளுக்கே தெரியும்.

மூன்று வாரம் ஆனது. சாமான் அறையில் இருந்ததிலேயே பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்தாள். பழையதில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும், புதியதில் செய்தது பழையதில் ஓடாது. லைப்ரரிகளை அங்கே கம்பைல் செய்து பொதிக்குள் வைத்தாள். வெளியே தேடாமல் முதலில் தன் பொதிக்குள்ளேயே தேடும்படி நிரலுக்கு வழி சொல்லிக் கொடுத்தாள். நிறுவப் பத்து விநாடி போதும்.

கடைசியாக, ஒன்றுமே ஏற்றாத புதுக் கணினியில் போட்டுப் பார்த்தாள். சிவப்பு வரி வந்தது. வரைபட லைப்ரரி இல்லை. பொதியில் சேர்க்கவேண்டிய கோப்புகளின் பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருந்தது. அவளுடைய கணினியில் அது எப்போதோ ஏற்றப்பட்டிருந்ததால் குறை தெரியவில்லை. சரிசெய்ய அரை நிமிடம் ஆகும்.

விசைப்பலகையில் கை வைத்தாள். இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டாள். அப்படியே பொதியை வெளியிட்டாள்.

முதல் வாரத்தில் ஒன்பது அழைப்புகள். "எல்லாம் பிரமாதம் அக்கா, ஒண்ணே ஒண்ணுதான் இல்லைங்குது." "அப்படியா? இருங்க, வந்து பார்க்கறேன்." முகத்தை எப்படி வைத்துக்கொண்டாளோ, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வரைபட லைப்ரரி மட்டும் என்பதால் இருபது நிமிடம்தான். இருபதும் பேச்சுக்குப் போதுமானது. முட்டை வாங்கிய பெண் இப்போது டியூஷன் போகிறாளாம்.

பொதி வெளியூர் அலுவலகங்களுக்கும் போயிருந்தது. அதை அவள் நினைக்காமல் இல்லை. நினைத்து, ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை மதியம், தோளில் மடிக்கணினிப் பையோடு முப்பது வயதுப் பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். ஆற்றோரத்து ஊர் ஒன்றின் வெள்ளக் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை. பஸ்ஸில் ஆறு மணி நேரம்.

"உங்க நம்பருக்குப் போட்டுக்கிட்டே இருந்தேன்க்கா. நீங்க எடுக்கல" என்றாள். லைப்ரரி அக்கா அப்போது யாருடைய அறையிலாவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருப்பாள்.

"உட்காரும்மா. எதுக்கு இவ்வளவு தூரம்?"

"நான்தான் ஏதோ தப்பா போடறேன்னு நெனச்சேன். ரெண்டு நாள் அழிச்சு அழிச்சுப் போட்டேன். ஆபீசர் பார்த்துட்டு, உனக்கு இது சரிப்படாது, வேற ஆளைப் போடறேன்னுட்டார். ஒரு நாள் டைம் குடுங்கன்னு கேட்டுட்டு, குழந்தைய மாமியார்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன். எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, கத்துக்கறேன்."

அந்தப் பெண்ணின் மடியில் நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன. அதைப் பார்த்தபிறகு லைப்ரரி அக்காவால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. பொதியில ஒரு வரி இல்ல. நான் தெரிஞ்சேதான் விட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. "தெரிஞ்சேன்னா?"

"அது இல்லாட்டி யாராவது கூப்பிடுவாங்கன்னு."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவள் காதுக்கே கேட்டது. அந்தப் பெண் கத்தவில்லை. பேனாவை மூடினாள். "சரி, போட்டுக் குடுங்க" என்றாள். அக்கா விடுபட்ட வரியைச் சேர்த்து, பொதியைப் புதிதாகக் கட்டி, அந்தப் பெண்ணின் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்கு, "பஸ் போயிடும்" என்று அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே சரிசெய்த பொதி எல்லா அலுவலகங்களுக்கும் போனது. கூடவே ஒரு கடிதம்: முந்தைய பொதியில் ஒரு கோப்பைச் சேர்க்காமல் விட்டது நான், பயன்படுத்தியவர்களிடம் எந்தத் தவறும் இல்லை. ஆற்றோரத்து அதிகாரிக்குத் தனியாக அந்தப் பெண்ணைக் குறிப்பிட்டு எழுதினாள். நகலைப் படித்த இயக்குநர், "ஒரு கோப்புக்கு இவ்வளவு விளக்கமா?" என்றார். "எழுதித்தான் ஆகணும் சார்" என்றாள். அதிகாரியிடமிருந்து 'பெறப்பட்டது' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அந்தப் பெண்ணிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை போன் அடிக்கவில்லை. செவ்வாயும் இல்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள், உயிரோடுதான் இருந்தது. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டவர்கள், "சூப்பர்க்கா, பத்தே செகண்ட்!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தார்கள்.

வியாழன் பதினொரு மணிக்குக் கீழே கேன்டீனுக்குப் போனாள். தண்ணீர் மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடப் பெண்கள் நான்கு பேர் ஒரு மேசையில் இருந்தார்கள். அவளுடைய நிரலை ஒருநாளும் தொட்டிராதவர்கள். "இங்க உட்காரலாமா?" என்று கேட்டாள். ஒருத்தி கைப்பையை நகர்த்தி இடம் விட்டு, "எந்தப் பிரிவுங்க?" என்றாள். சொன்னாள். அவர்கள் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். யாரோ ஒரு மாடிவீட்டுக்காரர் விடிகாலையில் கட்டிலை இழுக்கிறாராம். எந்த வீடு, யார் அவர், ஏன் இழுக்கிறார் என்று ஒன்றும் அவளுக்குப் பிடிபடவில்லை. டீ ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.