சின்னக்கானலில் துளிர்க்காத ஆறு சைப்ரஸ்கள்

மாசி முதல் வாரத்தில் நான் சின்னக்கானல் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நான் செய்த தவறு ஒன்று அங்கே எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

கல்பாத்தியில் என் வீட்டுக் கொல்லையில் நாலு குட்டைச் சைப்ரஸ் செடிகளைத் தொட்டியில் ஐந்து வருஷமாக வளர்த்து வந்தேன். அந்தப் பெருமையில் யார் கேட்டாலும் யோசனை சொல்வேன். சின்னக்கானலில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தலைமைக் கிளார்க்காக இருக்கும் என் அத்திம்பேர், துரை பங்களா முன்னால் உள்ள ஆறு சைப்ரஸும் உயர்ந்துகொண்டே போகின்றன, எப்படி அடக்குவது என்று எழுதிக் கேட்டார். ‘வெட்டிவிட்டால் அடங்கும்’ என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். எதுவரை வெட்டலாம் என்று எழுதவில்லை.

பங்களாத் தோட்டக்காரர் இசக்கிமுத்து இருபது வருஷம் தேயிலையில் கவாத்துக் கத்தி பிடித்தவர். தேயிலையை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்தாலும் மூன்று மாதத்தில் தழைத்துவிடும். அத்திம்பேர் என் வரியைச் சொன்னதும் ஆறு சைப்ரஸையும் அவர் அப்படியே வெட்டினார். அது கார்த்திகையில். மாசி பிறந்தும் ஒரு துளிர் இல்லை. சீமைக்கு விடுப்பில் போன துரை திரும்பும் நாளோ நெருங்கிவிட்டது.

வழியைச் சொல்கிறேன். காலை ஆறரைக்குப் பாலக்காட்டில் ரயிலேறி, பொள்ளாச்சி, திண்டுக்கல் வழியாக மாலையில் மதுரை. இரவு சத்திரம். மறுநாள் போடிக்கு ரயில். அங்கிருந்து அடிவாரம் ஐந்து மைல், மாட்டு வண்டிக்கு எட்டணா. மரம் பார்க்கப் போகிறேன் என்றதும் மலையில் மரத்துக்கா பஞ்சம் என்று வண்டிக்காரர் சிரித்தார். பிறகு கழுதைப் பாதையில் நாலரை மணி நேரம் ஏற்றம். சுமையாளுக்குப் பன்னிரண்டணா. ஏற்றம் முடியும் மேட்டிலிருந்து தோட்டம் ஒன்பது மைல். அத்திம்பேர் வண்டி அனுப்பியிருந்தார்.

போனதும் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். நாலு மரத்தில் உள்ளே பழுப்பு. இரண்டில் மட்டும் அடிப்பக்கம் கொஞ்சம் பச்சை இலை தப்பியிருந்தது.

“எந்தச் செடியும் வெட்டுனாத் தழைக்கும். இது ஏன் சாமி தழைக்கல?” என்று இசக்கிமுத்து கேட்டார்.

சைப்ரஸின் பழைய கட்டையில் மொட்டு கிடையாது, இலை இருக்கும் இடத்தில்தான் கிளைக்கும் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். முழங்கால் தேய்ந்ததால்தான் அவருக்கு இந்தப் பங்களா வேலை கிடைத்திருந்தது. இது போனால் மலைச்சரிவில் ஏற முடியாது, தோட்டம் கொடுத்துக் குடியிருக்கும் லயன் வீடும் போய்விடும்.

துரை மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது. அத்திம்பேர் என்னைத் தனியே அழைத்தார்.

“நீ எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கறாய்? வெட்டினது அவன்தானே” என்றார்.

அந்தப் பேச்சு எனக்குச் சுகமாக இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

துரை வந்ததும் மரங்களைப் பார்த்தார், பிறகு இசக்கிமுத்துவைப் பார்த்தார். நான் முன்னே போய், யோசனை என்னுடையது, அரைகுறையாகச் சொன்னவன் நானே என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் கோபத்தில் சத்தம் போடவில்லை. செத்த நாலுக்கும் யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டார். என் வீட்டிலிருக்கும் நாலையும் தருகிறேன் என்றேன். அவர் சற்று யோசித்து, தோட்டக்காரர் வேலையில் இருக்கட்டும் என்றார்.

சைப்ரஸ் வளர்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பாலக்காட்டில் மார்கழிக் காற்று படாத சுவரோரம் தொட்டியை வையுங்கள், காலை வெயில் போதும். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றுமணல் இருக்கட்டும். நுனியை மட்டும் வருஷம் ஒருமுறை கிள்ளுங்கள், இலையில்லாத கட்டையில் கத்தி வைக்காதீர்கள். மலைக்குப் போகிறவர்கள் கம்பளி இல்லாமல் போக வேண்டாம். யோசனை சொல்கிறவர்கள் முழுவதும் சொல்லுங்கள். ஒரு வரி மிச்சம் பிடித்து நான் கண்ட லாபம் ஒன்றுமில்லை.

பங்குனியில் இசக்கிமுத்துவே இரண்டு ஆட்களோடு சுமைக் கழுதையில் மலையிறங்கி, செடிகளைக் கொண்டுபோகக் கல்பாத்திக்கு வந்தார். தொட்டியைத் தூக்கப் போனவர்களைக் கையமர்த்தினார்.

“இனிமே கத்தியத் தொடமாட்டேன்னு சொல்ல வரல சாமி. எதுவரைக்கும் வெட்டலாம்னு ஒரு தடவ காட்டிருங்க.”

உள்ளே போய்ச் சிவப்பு நூல் எடுத்து வந்து, ஒவ்வொரு கிளையிலும் பச்சை முடியும் இடத்தில் கட்டினேன். நாலு செடிக்கும் அரைமணிக்கு மேல் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.