கன்னியம்மாவுக்குச் சுவரில் கிடைத்த இடம்

"டீச்சர், இந்தப் படத்துல நான் எங்க கீறேன்?"

புதிய சந்தைக் கட்டடத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்த கூட்டத்தில் கன்னியம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வரைபடத்தில் எந்த இடத்தையும் காட்டிவிட முடியும் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அவர் உட்காரும் இடத்தைத் தேடி விரல் வைத்தேன். அங்கே 'வாகன நிறுத்தம்' என்று எழுதியிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை பூக்கடை செல்வி போன் செய்தாள். "டீச்சர், நம்ம கன்னியம்மா பூட்டாங்க. ரோட்டோரமா கீரை வித்துக்கினு இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க." மருத்துவர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியது சரிதான். நிழலில் இருந்தவரைக் கொண்டுபோய் வெயிலில் உட்கார வைத்தவர்கள் யார் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

உங்களில் பலர் அவரிடம் கீரை வாங்கியவர்கள்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்புலிவனத்துக்கு வெளியே இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து கீரையும் வயல் நண்டும் எடுத்துக்கொண்டு, விடிந்ததும் உத்திரமேரூர் வந்துவிடுவார். பழைய சந்தையின் கல்தூண் மண்டபத்துக்குப் பின்னால், புங்க மரத்தடியில் சாக்கு விரித்து உட்காருவார். அவரோடு இன்னும் பத்துப் பதினைந்து பெண்கள். கீரைக் கட்டை உதறிப் பார்த்து வாங்குகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "இன்னாத்துக்கு இந்த ஒதறு ஒதறுற? உள்ள உன் மாமியாரா ஒளிஞ்சிக்கினு கீது?" என்று கேட்பார். என்னிடமும் கேட்டிருக்கிறார்.

சந்தையைப் புதுப்பிக்கிறோம், பழமையும் போகாது, யார் பிழைப்பும் போகாது என்று சொல்லிக்கொண்டு அதிகாரிகள் வந்தார்கள். நான் நம்பினேன். கருத்துக் கேட்கும் குழுவில் பெயரும் கொடுத்தேன். நகரத்திலிருந்து வந்த திட்ட ஆலோசகர் முதல் நாள் கேமராவோடு சந்தையைச் சுற்றினார். கன்னியம்மாவிடம், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். "ரெண்டு கட்டு வாங்கு, சிரிக்கிறேன்" என்றார் கன்னியம்மா. ஆலோசகர் வாங்கினார், கன்னியம்மாவும் சிரித்தார்.

மறுநாள் அதே மனிதர், அதே கேமராவோடு ஜீப்பில் வந்தார். கூட அளவு நாடாவும் நாலைந்து அதிகாரிகளும். தரைக்கடைப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜீப்பைக் கண்டால் சாக்கைச் சுருட்டிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய் நிற்பார்கள். போனபின் மறுபடி விரிப்பார்கள். பாதி மரியாதை, பாதி பயம். அன்றும் அப்படியே எழுந்தார்கள். கன்னியம்மா மட்டும் அசையவில்லை. "அளக்கறவங்களுக்கு வழி விடு, கன்னியம்மா" என்று சொல்லி அவரை எழுப்பியவள் நான்.

கூட்டிவிட்ட மாதிரி இருந்த அந்தத் தரையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அறிக்கையில் அது 'பயன்பாட்டில் இல்லாத காலி இடம்' ஆயிற்று. பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு வெறும் பெஞ்சுகளைப் படம் எடுத்து, இந்தப் பள்ளியில் பிள்ளைகளே இல்லை என்று எழுதினால் எப்படியிருக்கும்? நடந்தது அதுதான்.

ஆலோசகருக்கு உண்மை தெரியாமல் இல்லை. முதல் நாள் நீங்கள் எடுத்த படத்தில் இவர்கள் எல்லாரும் இருக்கிறார்களே என்று நேரில் கேட்டேன். "அது கலாச்சாரப் பதிவு, டீச்சர். இது சர்வே. ரெண்டும் வேற வேற ஃபைல்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

கட்டடம் எழும்பியது. கல்தூண்களைக் காப்பாற்றினார்கள், அதை மறுக்கவில்லை. தூணுக்குத் தூண் விளக்கும் வைத்தார்கள். புங்க மரம் போயிற்று. முன்சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் ஓவியம்: கூடை நிறையக் கீரை, பக்கத்தில் சிரிக்கும் கன்னியம்மா. பாரம்பரியமாம்.

திறந்த மறுநாளே கன்னியம்மா அந்தச் சுவரடியில் கூடையை இறக்கினார். காவலாளி ஓடிவந்தார்.

"ஏம்மா, இங்க குந்தக் கூடாது."

"யார்ரா குந்தனது? என் படத்தப் பாக்க வந்தேன்."

"கூடையோடவா?"

"படத்துலயும் கூடை கீதே. மொதல்ல அத்த எறக்கு, நான் இத்த எடுத்துக்கினு போறேன்."

தினமும் இதே கூத்து. சனங்கள் சிரித்துக்கொண்டே அவரிடம் வாங்கினார்கள். புதுக் கட்டடத்துக்குள் இடம் பிடித்த கீரைக் கடை ஈ ஓட்டியது. எனக்கு எத்தனை சந்தோஷமாக இருந்தது தெரியுமா! ஆறாவது வாரம் சுவரடி நெடுக இரும்புக் கம்பி நட்டார்கள். கன்னியம்மா சாலையோரத்துக்குப் போனார். அங்கே மரமும் இல்லை, கூரையும் இல்லை. ஒருநாள் மனசு கேட்காமல், "நடந்தத மறந்துடு, கன்னியம்மா" என்றேன். "மறக்கறதுக்கு இன்னா அவசரம், டீச்சர்?" என்றார்.

அவரை அடக்கம் செய்த அன்று சந்தை வாசலில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் முளைத்தது. கீரைக் கூடையோடு அதே சிரிப்பு. கீழே வரிசையாக, அவரை விரட்டியவர்களின் கைகூப்பிய முகங்கள். மறுநாள் காலை அது கிழிந்து கிடந்தது. யார் கிழித்தது என்று விசாரிக்கிறார்களாம். நான்தான் கிழித்தேன். வீட்டுக் கத்தரிக்கோல் போதுமானதாக இருந்தது. விசாரிக்க வருகிறவர்களுக்கு என் வீடு தெரியும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. அது ஆறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி என் வேலை. அவரை எழுப்பிவிட்ட வாய் என்னுடையது என்பதால், அந்தக் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறேன். இரண்டாம் கட்ட வேலைக்காக மீன்கடைப் பக்கத்தையும் அளக்கப் போகிறார்கள். அங்கே தரையில் உட்காருகிற பெண்களுக்கு உட்காருகிற இடத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆகவே நீங்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது, வாங்குவதற்கு முன், கடைக்காரப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, அவர் உட்கார்ந்திருக்கும் இடமும் முகமும் தெரிய உங்கள் போனில் ஒரு படம் எடுங்கள்; அதை அச்செடுத்து, பெயரையும் தேதியையும் எழுதி அவர் கையிலேயே ஒரு பிரதி கொடுங்கள்.