முப்பத்தாறு பல்பில் ஒன்று

எங்கள் லைட் செட் கடையில் அவளுக்குப் பெயர் டெஸ்டர் அக்கா. இருபது வருஷமாகப் போன பல்பைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. அவள் கணவர் இதே கடையில் வயர்மேன். போன மாதம் ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஐந்தாம் நாள் அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. கல்நெஞ்சுக்காரி என்று வாய் கூசாமல் பேசியவர்களில் நானும் ஒருவன். எதிர் மேசைக்காரன் அல்லவா, எனக்குத்தான் முதல் உரிமை.

முதலாளி இரக்கப்பட்டு அவளுக்குப் பேரலல் போர்டுகளைக் கொடுத்தார். அதில் எந்தப் பல்பில் மீட்டரை வைத்தாலும் முழுசாக 220 வோல்ட் காட்டும். ஒன்று போனால் அது மட்டும்தான் அணையும். அரைத்தூக்கத்தில்கூடப் பார்க்கலாம். அவளோ சொல்லாமல் கொள்ளாமல் பழையபடி சீரியல் செட்டை இழுத்துக்கொண்டாள். அதில் முப்பத்தாறு பல்புகள், ஆளுக்கு ஆறு வோல்ட் பங்கு. ஒன்று போனால் அத்தனையும் அணைந்துவிடும். எது போனது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

நேற்று மதியம் அவள் மகள் பையோடு வந்து நின்றாள்.

"ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போறேன். இனிமே இங்க வரமாட்டேன்மா. அப்பா போனது உனக்கு ஒரு பொருட்டாவே தெரியல."

"சரிம்மா" என்றாள் அக்கா, மீட்டர் முனையை அடுத்த பல்புக்கு நகர்த்தியபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண் உறவை அறுத்துக்கொண்டு போகிறாள், இவளுக்குப் பல்பு பெரிதாகிவிட்டது.

பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இருபத்திரண்டாவது பல்பில் 220.

மகள் போகத் திரும்பியவள் நின்றாள். "மத்ததுல எல்லாம் ஒண்ணுமே இல்ல. போன பல்புலயா இவ்வளவு?"

"அதெல்லாம் நல்ல பல்பு. இதுல உள்ள கம்பி அறுந்துபோச்சு. அதான் மொத்தமும் இங்கயே வந்து நிக்குது."

சொல்லிக்கொண்டே பல்பைப் பிடுங்கப் போனாள். ப்ளக்கைக் கழற்றவில்லை. கை வெடுக்கென்று உதறியது. நான் பாய்ந்து ப்ளக்கை இழுத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில்கூட யாரும் செய்யாத தப்பு.

"கண்ணு எங்கக்கா இருக்கு?" என்று கத்திவிட்டேன்.

"இப்பல்லாம் மறந்துடுதுப்பா. ஷாக் அடிச்சாலும் பெருசா ஒண்ணும் தெரியல."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நுனிகளில் கருகிய புள்ளிகள், பழசும் புதுசுமாக ஏழெட்டு. தினமும் எதிரே உட்கார்ந்து வாய் கிழியப் பேசிய நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

மகள் அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னன்னு சொல்ல?"

ரெண்டு மணி பஸ் கடையைத் தாண்டிப் போனது. மகள் தலை நிமிரவில்லை. அக்கா அவள் அழுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இப்படி அழணும்னுதான் இருக்கு" என்றாள். "வரமாட்டேங்குதும்மா."