நாற்காலியிலிருந்து எழுப்பும் வேலை

ஓடுகிறவருக்கு ஓடுவது ஒன்றுதான் வேலை. மற்றதெல்லாம் நடுவே அவர் இளைப்பாறும் நாற்காலிப் பக்கத்தில் நிற்பவர் தலையில். வீட்டில் ஓட்டக்காரரை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிறவர்களுக்கு இது புரியும். என் கணவர் முரளிக்குத் தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. பந்தயம் என்றால் அவருக்கு உதவியாள் நான்தான்.

எங்கே முடியும்?

ஏலகிரிக்கு எங்களைக் கூட்டிப்போன மந்தைவெளி டிரைவர் தாஸ், எத்தனை கிலோமீட்டர் பந்தயம் என்று கேட்டார். மலைப்பாதையில் மணிக்கு ஒரு சுற்று. சீக்கிரம் முடித்தால் மிச்ச நிமிடங்களில் சாப்பிடலாம், தூங்கலாம். அடுத்த மணிக்குக் கோட்டில் நிற்காதவர் அவுட். ஒருவர் மிஞ்சும்வரை இப்படியே என்றேன். தாஸ் வண்டியின் வேகத்தையே குறைத்துவிட்டார்.

"முடியிற எடமே இல்லாம இன்னாத்துக்குக்கா ஓடிக்கினு கீறாங்க?"

போன வருஷப் பாவம்

போன வருடம் கடைசி இரண்டு பேரில் முரளி ஒருவர். நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கினார். அடுத்த சுற்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மூன்று விசில், அப்புறம் இரண்டு, ஒன்று. எழுப்ப வேண்டியவள் நான். கால் விரலில் ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்ததும் மனசு வரவில்லை. போர்வையை இழுத்துவிட்டேன். அத்தோடு அவுட்.

"தோக்கறதுன்னா நானே தோத்துக்கறேன், மீனா" என்றார் வீட்டு வாசலில்.

பக்கத்து நாற்காலி

இந்த வருடம் ஜெயித்தே தீருவது என்று வந்தார். நானும் இரண்டு அலாரம் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் மிஞ்சியது முரளியும், தி.நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவரும். ஆடித் தள்ளுபடி நேரத்தில் கடையை மனைவி தலையில் கட்டிவிட்டுத் தனியாக வந்திருந்தார்.

முரளியைக் கோட்டில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் அண்ணாச்சி குறட்டை விடுகிறார். இரண்டாவது விசிலும் ஊதியாகிவிட்டது. அவர் இன்னும் கொஞ்சம் தூங்கினால் போதும். முரளி அந்த ஒரு சுற்றை முடித்தால் கோப்பை எங்கள் வீட்டுக்கு. எனக்குப் போன வருடத்துப் போர்வைதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அண்ணாச்சி தோளை உலுக்கினேன்.

அந்தச் சுற்றை இருவருமே முடித்தார்கள். அடுத்ததில் முரளி நொண்டிக்கொண்டு, நேரம் தாண்டி வந்தார். கோப்பையை வாங்கிக்கொண்டு அண்ணாச்சி நேரே எங்களிடம் வந்தார்.

"ஒங்க வீட்டம்மா எழுப்பலேன்னா நான் காலம்பற வரைக்கும் தூங்கியிருப்பேன், பாத்துக்கிடுங்க."

திரும்பும் வழியில்

ஆம்பூர் தாண்டியதும் தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன். முரளி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல காரியம்தான் பண்ணே. ஆனா போன வருஷம் இந்தக் கை எங்க போச்சு?"

எழுப்பினாலும் குற்றம், எழுப்பாவிட்டாலும் குற்றம் என்கிற இந்த வேலையில் சம்பளமாக எனக்குக் கிடைப்பது, கழுவ வேண்டிய சேற்று ஷூ ஒரு ஜோடி.